சொட்டதிகாரம்: புகையில் வெந்த வான்கோழியின் கிரேவி பற்றி ஓர் ஆய்வு

அமெரிக்கர்களின் நன்றி நவிலல் நாள் நவம்பர் மாதத்து நான்காம் வியாழன் என்று 1941-இல் சட்டமாயிற்று. அன்றைய விருந்துக்குத் தலைமை ஏற்கும் வான்கோழிக்கோ அதற்கு வெகுகாலம் முன்பே புகழ் வந்துவிட்டது. கழுகைக் காட்டிலும் மதிக்கத்தக்க பறவை இதுவே என்று பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1784-இல் தம் மகளுக்கு எழுதினார். ஆனால் அவர் பறவையோடு நின்றுகொண்டார். அதிலிருந்து சொட்டுவதைத் தொடவில்லை. அப்பெருங்குறையை நீக்கவே இவ்வதிகாரம் எழுந்தது.

முதலில் ஆய்வெல்லை. ஓவனில் வாட்டிய வான்கோழி இங்கே பேசப்படாது. அதன் சாறு தட்டின் அடியில் பழுப்பேறி ஒட்டிக் கிடக்கும். கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சுரண்டினால் கிரேவிக்குப் பாதி வழி வந்தாயிற்று. அதில் ஆராய ஒன்றுமில்லை. புகையடுப்பின் கதை வேறு. 107 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரையான மெல்லிய சூட்டில் பறவை மணிக்கணக்காகக் கம்பிவலைமேல் தவம் கிடக்கும். கீழே ஒரு தட்டு. அது வெறுமையாக இருந்தால் விழும் சொட்டு காய்ந்து கரியாகும் என்பதால், தண்ணீரும் வெங்காயமும் கேரட்டும் செலரியும் அதில் இடுவார்கள். வினை அங்கேதான் தொடங்குகிறது. மரத்திலுள்ள லிக்னின் சூட்டில் சிதையும்போது பிறக்கும் குவாயகால், சிரிங்கால் முதலிய சேர்மங்களே புகைமணத்துக்குக் காரணம். பறவை அவற்றைத் தோலளவில் ஏற்றுக்கொண்டு மரியாதையாக இருந்துவிடுகிறது. தட்டோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு முழு நேரமும் குடிக்கிறது. ஆகவே வான்கோழியைவிட வான்கோழியின் சொட்டில்தான் புகை மிகுதி.

இதை என்ன செய்வது என்பதில் அறிஞர் இரு கட்சி. விழுந்தது அனைத்தையும் கிரேவியாக்குக என்பது முற்றுச்சொட்டார் கொள்கை. அவர்கள் வீட்டுக் கிரேவி சாம்பலைக் கரைத்தாற்போல் இருக்கும். கரண்டிக் கணக்கில் போதும் என்பர் சிறுசொட்டார். பொட்டலத்துப் பொடியை வெந்நீரில் கலக்குவோர் மூன்றாம் கட்சி. அவர்களை அவையில் சேர்ப்பதில்லை. ஆனால் அவர்கள் வீட்டில்தான் நேரத்துக்குச் சாப்பாடு நடக்கிறது.

யான் சிறுசொட்டார் பக்கம். அதற்கு நூற்பா யாத்தவனும் யானே. உரை எழுத வேறு ஆள் கிடைக்காமையால் உரையாசிரியனும் யானே.

புகைபடு சொட்டு முதலென மொழியார்;
சுவைபடச் சேர்க்கும் துணையென மொழிப.

இதன் பொருள்: கிரேவிக்கு முதலாவது வேறொரு சாறு. பறவையின் வயிற்றுக்குள் சிறு பையில் கழுத்தும் இரைப்பையும் இதயமும் வைத்து விற்பார்கள். அவற்றைத் தனியே வேகவைத்து எடுப்பதே அச்சாறு. கல்லீரல் கசக்கும், விலக்குக. சாற்றில் உப்பிடலாமோ எனின், கூடாது. பறவை முந்தைய நாளே உப்புநீரில் ஊறியிருக்கும்; சொட்டே உப்பைக் கொண்டுவரும்; சுண்டச்சுண்ட அது ஏறுமேயன்றி இறங்காது.

ஒரு கப் சாற்றுக்கு இரண்டு மேசைக்கரண்டிக் கொழுப்பும் அதே அளவு மைதாவும் கொள்க. இரண்டையும் முதலில் சேர்த்து வறுப்பதன் பயன், மாவுத்துகள்களைக் கொழுப்பு பிரித்து வைப்பதால் கட்டி தட்டாது என்பது. அஃதேல் அக்கொழுப்பைச் சொட்டிலிருந்தே வடித்தால் என்ன? அடியில் மூக்கு வைத்த குவளை கடையில் கிடைக்கிறதே, கொழுப்பு மேலே மிதக்கக் கீழுள்ள நீர் தனியே வருமே எனின், அற்றன்று. புகைச்சேர்மங்கள் கொழுப்பிலும் நன்றாகக் குடியேறும். பாதிக்குமேல் வெண்ணெயாகவே இருக்கட்டும். சொட்டைக் கடைசியில், ஒவ்வொரு கரண்டியாக, நாக்கைச் சாட்சி வைத்துச் சேர்க்க வேண்டும்.

இவ்விதி ஆப்பிள், செர்ரி மரப்புகைக்கு. மெஸ்கீட் மரமாயின் கரண்டியைப் பாதியாக்குக. காற்றோட்டமின்றி விறகு மூச்சுமுட்டி அடர்ந்த வெள்ளைப் புகை கக்கியிருந்தால், எந்தக் கட்சியின் விதியும் செல்லாது. அந்தச் சொட்டின் கசப்பைச் சர்க்கரையாலும் கிரீமாலும் மறைக்க முடியாது. கொட்டிவிடலாம்.

இனி எல்லைத் தகராறு. புகையடுப்பு கொல்லையில் இருக்கிறது. அதன் பக்கத்தில் பியர் புட்டியோடு குடும்பத்தலைவர் இருக்கிறார். கிரேவி அடுக்களையைச் சேர்ந்தது. தட்டு யாருடையது? புகை தம் உழைப்பு என்கிறது கொல்லை. உப்புக்குப் பொறுப்பு யாம் என்கிறது அடுக்களை. என் தீர்ப்பு: பறவையின் உள்வெப்பம் 74 டிகிரியைத் தொட்டே ஆக வேண்டும்; அதற்குமுன் விழுந்த சொட்டும் கொதித்த பின்னரே கிரேவியில் சேர வேண்டும். அவ்விதிக்கு உட்பட்டு, தட்டை நடுவிலேயே உருவி அடுக்களைக்குக் கொடுத்துவிட்டு வேறு தட்டு வைக்கத் தடையில்லை.

புகையில் வெந்த இறைச்சிக்குக் கிரேவி எதற்கு என்று கொல்லைத் தரப்பு கடைசிவரை முறைத்துக்கொண்டிருக்கும். அதில் நியாயமும் உண்டு. ஆனால் கிரேவி பெரும்பாலும் போவது உருளைக்கிழங்கு மசியலுக்கு. அதன் நடுவில் கரண்டியால் குழி பறித்து ஊற்றுகிறார்கள். குழியின் ஆழத்துக்கும் பறிப்பவரின் வயதுக்கும் உள்ள தொடர்பு தனி அதிகாரத்துக்குரியது. நல்கை கிடைத்தால் எழுதலாம்.