கை ஒரு கெட்ட கிளை: பச்சோந்திப் பிள்ளையைப் பழக்குதல் குறித்து ஓர் ஆய்வு

சேலம், நாமக்கல் சமவெளியில் கிளுவை வேலியிலிருந்து இறங்கித் தார் ரோட்டைக் கடக்கும் பச்சோந்திக் குட்டியை வீட்டுக்குத் தூக்கிப் போகிறவரிடம் இரண்டு கேள்விகள் இருக்கும். என்ன தின்னும், கைக்கு எப்போது பழகும். முதலாவதற்கு வெட்டுக்கிளி என்ற ஒரு சொல் விடை போதும். இரண்டாவதற்குத்தான் ஆய்வு தேவைப்படுகிறது. முன்னோர் இத்துறையைத் தொடாமல் விடவில்லை. வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பது அவர்கள் வெளியிட்ட முடிவு. ஆனால் அதில் வேட்டிக்காரரின் இழப்பு மட்டுமே பதிவாகியிருக்கிறது, ஓணானின் தரப்பு விசாரிக்கப்படவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பழக வேண்டியது பச்சோந்தி அன்று, கைதான் என்பது இதன் துணிபு. பச்சோந்தியின் பக்கமிருந்து பார்த்தால் மனிதக் கை என்பது ஒரு கிளை; அதிலும் மிகக் கெட்ட கிளை.

குழப்பத்தின் வேர் இலக்கணத்தில் இருக்கிறது. பறவைக் குஞ்சுகளுக்குரிய பார்ப்பு, பிள்ளை என்னும் இளமைப் பெயர்கள் தவழ்வனவற்றுக்கும் பொருந்தும் என்கிறது தொல்காப்பிய மரபியல். ஆக, சட்டப்படி அது பச்சோந்திப் பிள்ளை. பிள்ளை என்றதும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வது நம் சுபாவம். ஆனால் இந்தப் பிள்ளை யார் இடுப்பிலும் இருந்ததில்லை. தாய் மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடுகிறாள். பொரித்து மேலே வரும் குட்டிக்குத் தாயும் தெரியாது, தாலாட்டும் தெரியாது. வளர்ந்த பிறகும் தனிக்கட்டைதான். அதன் வாழ்நாளில் இன்னோர் உயிர் அதைத் தொடுகிறதென்றால் தின்ன வந்திருக்கும், சண்டைக்கு வந்திருக்கும், இல்லையேல் இணைசேர வந்திருக்கும். கொஞ்ச வந்தது என்ற நான்காவது இனம் அதன் கணக்கில் இல்லை. காகமும் வல்லூறும் மேலிருந்து வருகின்றன. நம் கையும் மேலிருந்தே இறங்குகிறது. இரண்டையும் பிரித்தறியவில்லை என்று குட்டியைக் குறை சொல்ல முடியாது.

இனி, கிளைக்குரிய இலக்கணம். பச்சோந்தியின் கால் குறடு போன்றது. ஐந்து விரல்களும் இரண்டாகவும் மூன்றாகவும் ஒட்டிப் பிரிந்து எதிரெதிராக நிற்கும். முன்னங்காலில் மூன்று உள்பக்கம், பின்னங்காலில் மூன்று வெளிப்பக்கம். போதாததற்கு ஐந்தாவது கையாக வால். இவ்வளவு ஏற்பாடும் ஒரு குச்சியைச் சுற்றிப் பற்றுவதற்கு. விரல் தடிமனில் கிளையைப் போலிருப்பதால் முதல் தேர்வில் ஒருவாறு தேறிவிடுகிறது. உள்ளங்கை தேறாது, பற்றுவதற்கு விளிம்பே இல்லாத அது கிளையன்று, களத்துமேடு. மேலும் கிளை காற்றில் ஆடும், ஆனால் நகம் பட்டதும் "ஐயோ" என்று கத்திக்கொண்டு உதறாது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். குட்டி கையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறதே, நிறம்கூடக் கைக்கு ஏற்ப மாறிவிட்டதே, இது பழகியதன் அடையாளமில்லையா? இல்லை. அசையாதிருப்பது அதன் தொழில். நிறமோ உட்கார்ந்த இடத்துக்கு ஏற்ப அடிக்கும் பெயின்ட் அன்று. வெயில், கோபம், அச்சம், காதல் ஆகியவற்றின் அறிக்கை. மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியை ஆராய்ந்த ஜெனீவா விஞ்ஞானிகள் 2015இல் காட்டியபடி, தோலுக்குள் அடுக்கியிருக்கும் நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது. உடல் கருத்து, விலா தட்டையாகி, வாய் பிளந்து சீறினால் "விடு" என்று பொருள். இதற்கு உரையாசிரியர் தேவையில்லை.

வெளிநாடுகளில் பழக்குகிறார்களே என்பது அடுத்த தடை. உண்மைதான். ஏமன் நாட்டு முக்காட்டுப் பச்சோந்தியையும் பாந்தரையும் கூண்டிலேயே பிறப்பித்து, கையைக் கீழிருந்து மெதுவாக நீட்டி, விரல் நுனியில் பூச்சி வைத்து, வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கிடைப்பது சகிப்பு, அன்பு அன்று. தீவன வாளியைக் கண்டதும் கூண்டுக் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டும் நாமக்கல் கோழிக்குப் பண்ணைக்காரர் மேல் பாசம் என்று யாரும் சொல்வதில்லை. மடகாஸ்கரிலேயே முட்டைக்கு வெளியே நாலைந்து மாதம் மட்டும் வாழும் இனம் ஒன்றுண்டு. அதைப் பழக்க நினைப்பவர் பாடம் முடியும் முன்பே மாணவரை இழப்பார். நம்மூர்ப் பச்சோந்தி விஷயத்தில் வாதத்துக்கே இடமில்லை: 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம்.

கடைசித் தடை கனமானது. தொட்டுப் பழகாவிட்டால் வெறுப்புத்தானே வளரும்? இராமர் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்ற கதையைச் சொல்லித் தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் ஒடக்கான் என்கிற ஓணானைக் கல்லால் அடித்தார்கள். உறவுக்காரன் செய்த தப்புக்குப் பச்சோந்தியும் அடி வாங்கியது. கூடவே அதற்கு விஷம் உண்டென்ற பொய்யும் சேர்ந்துகொண்டது. ஆகவே பழக்கம் வேண்டும்தான், ஆனால் அது கண்ணின் பழக்கமாக இருக்கட்டும். குறுந்தொகைக் காலத்து வழிப்போக்கர் ஓதி என்கிற ஓந்தியைப் பார்த்துச் சகுனம் கண்டார்கள். அதற்கு அதைக் கையில் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

எனவே தீர்ப்பு: மனிதனுக்கும் பச்சோந்திக்கும் இடையே நியாயமான உறவின் நீளம் ஒரு ரோட்டின் அகலம். அடுத்த முறை அது தார் ரோட்டில் முன்னும் பின்னும் ஆடி ஆடி நடப்பதைக் கண்டால், வண்டியை ஓரம் கட்டிவிட்டு, வேலியிலிருந்து விரல் பருமனுள்ள காய்ந்த குச்சி ஒன்றை ஒடித்து, முன்னங்காலுக்கு முன்னால் தாழ்வாக நீட்டுங்கள். அதுவாக ஏறும்வரை பொறுங்கள். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்து வேலியில் விடுங்கள். திருப்பிக் கொண்டுவந்து விட்டால் அது மறுபடியும் முதலிலிருந்து நடக்க வேண்டியிருக்கும்.