கோப்பிக்குக் கருமாதி

பைத்தன் 2 என்ற கணினி மொழிக்கு 2015இல் மூடுவிழா என்று நாள் குறித்தார்கள். புதுசுக்கு மாறாமல் பலர் உட்கார்ந்திருந்ததால் 2020 ஜனவரி 1க்குத் தள்ளிப்போட்டார்கள்.

இலங்கைக் கோப்பிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1869இல் மடுல்சீமையில் இலைப்பூஞ்சை தலைகாட்டியது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்பது வாயில் நுழையாததால் தோட்டத் துரைமார் அதற்கு ‘நாசக்கார எமிலி’ என்று பேர் வைத்தார்கள். எமிலி அறிவித்தல் ஒட்டவில்லை, அவகாசமும் தரவில்லை. றக்குவானை, பலாங்கொடை மலைகளையும் மேய்ந்து முடித்தாள். இடையில் கொயினா மருந்துக்கான சிங்கோனாவை நட்டார்கள். எல்லாரும் நட்டதில் விலை படுத்தது. பிறகுதான் தேயிலை, கேகாலைப் பக்கம் றப்பர்.

தேயிலைக்குப் பதிப்பு எண்ணே உண்டு. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் 2023, 2025, 2026 என்று எண் போட்டு (ஆண்டு அல்ல) ரகம் ரகமாக வெளியிட்டது. அடுத்து 3000, 4000 வரிசைகள். தாழ்நிலத்துக்கான கிளை இரத்தினபுரி சென். ஜோக்கிம் தோட்டத்தில். ஓர் இலையோடு துண்டுத் தண்டை வெட்டிப் பையில் நட்டால் தாய்ச்செடியின் அச்சு அசல் நகல். வீ.பி. தேயிலை என்பது இதுதான்.

ஆனாலும் வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை இன்னும் பல மலைகளில் நிற்கிறது. பிடுங்கினால், மண் தேற ஒன்றரை வருடமாவது மானாப்புல் வளர்க்க வேண்டும். கன்று கொழுந்து தர அதற்குமேல் காலம். அதுவரை வரவு பூச்சியம். எந்தத் துரைக்கும் தன் காலத்தில் நட்டம் காட்ட மனம் வராது. அடுத்தவர் வந்து பிடுங்கட்டும் என்பார். அடுத்தவரும் அதையே சொல்வார்.

செடிக்கு இவ்வளவு தயங்கியவர்கள் ஆளுக்குத் தயங்கவில்லை. 1948இல் ஒரே குடியுரிமைச் சட்டத்தில், தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளி மலையகத்தாரில் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 975,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கு முடிய 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது.

தொழிலாளர் குடியிருக்கும் லயம் மட்டும் அசையவில்லை. 1972, 1975இல் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா கோப்பிக் காலத்து அளவிலேயே இருக்கிறது. கூரைத் தகரம் ஒழுகினால் பொலித்தீன் விரிப்பதுதான் திருத்தப் பதிப்பு.

லயத்துக்கு முடிவுத் தேதியைக் குறிக்கும் வேலையை அதற்குள் குடியிருப்பவரிடம் கொடுத்துப் பாருங்கள். எந்த ஆச்சியும் பஞ்சாங்கத்தைத் தேட மாட்டார். நேற்றே நல்ல நாள்தான் என்பார்.