மஞ்சள் ஸ்டிக்கர்

கேள்வி: கர்ப்பமாக இருக்கும் மருமகளின் கிளினிக் புத்தகத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்களே, பயப்பட வேண்டுமா? (ஒரு மாமியார், கிள்ளான், மலேசியா)

பதில்: சாலையில் மஞ்சள் விளக்கைப் பார்த்தால் நம்மவர்கள் வேகத்தைக் கூட்டுவார்கள். அந்த வேகத்தைக் கிளினிக்குக்குப் போவதில் காட்டுங்கள், அம்மா! வெள்ளை என்றால் சிக்கல் குறைவு. பச்சைக்குக் கூடுதல் கவனம். மஞ்சளுக்கு டாக்டர் பார்க்க வேண்டும். சிவப்பென்றால் உடனே ஆஸ்பத்திரி. பயத்தை விடுங்கள், சொன்ன தேதியைத் தவற விடாதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1957இல் இந்நாட்டில் 1 லட்சம் பிரசவங்களுக்குச் சுமார் 280 தாய்மார்கள் இறந்தார்கள். பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும் தாய்சேய் கிளினிக்குகளும் ஊர் ஊராக வந்த பிறகுதான் அந்த எண்ணிக்கை சரிந்தது. 1991 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் ஏன், எங்கே தவறியது என்று ரகசியமாக விசாரிக்கிறார்கள். யாரையும் தண்டிக்க அல்ல, அடுத்தவளைக் காப்பாற்ற. இதைவிட நல்ல விசாரணை எனக்குத் தெரியாது.

மருமகளுக்குக் கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் வந்தால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். பிரசவமான பின் வீட்டுக்கு வரும் நர்ஸ் மிஸ்ஸியைப் பத்தியத்தைக் காட்டித் திருப்பி அனுப்பாதீர்கள். பிள்ளையின் உடம்பில் மஞ்சள் தெரிந்தால் வெயிலில் காட்டிக்கொண்டிராமல் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இப்போதே கிளினிக்குக்கு மகனையும் கூட்டிப் போங்கள்; அப்பாவாகப் போகிறவருக்கும் அங்கே நாற்காலி உண்டு.