காரணம் ஐயா

வெள்ளவத்தைச் சந்தையில் விலை சொல்கிறவர்கள் பலர். காரணம் சொல்கிறவர் ஒருவரே. ஹம்டன் லேனில் ஒருவர், ராமகிருஷ்ணா வீதியில் ஒருவர் என்று ஒழுங்கைக்கு ஒருவர் இருக்கிறார் என்றாலும் பிழையில்லை; எல்லோரும் ஒரே அச்சு. அரச சேவையில் கணக்குப் பகுதியிலிருந்து இளைப்பாறியவர். கக்கத்தில் பத்திரிகை, கையில் தோய்த்து மடித்த துணிப்பை. அந்தப் பை நிரம்பி யாரும் கண்டதில்லை.

பருப்பு என்ன விலை என்று நீங்கள் கடைக்காரரைக் கேட்டால், பதில் ஐயாவிடமிருந்து வரும். அதுவும் 1953இலிருந்து வரும்.

"கொத்து அரிசி இருபத்தைஞ்சு சதம், தம்பி. அதை எழுபது சதமாக்கினாங்கள். பிறகென்ன, ஓகஸ்ட் பன்ரெண்டு ஹர்த்தால். டட்லியின்ரை கபினெட் துறைமுகத்திலை நிண்ட வெள்ளைக்காரன்ரை கப்பலுக்குள்ளை போய்க் கூட்டம் வைச்சது!"

அத்தனையும் உண்மை. அப்போது ஐயாவுக்கு வயது நாலு. ஆனால் கேட்கிறவர்களுக்கு அவரும் அந்தக் கப்பலில் ஏறினவர் என்றே தோன்றும்.

அவருடைய பொருளியலில் விதி ஒன்றுதான். அவர் புள்ளடி போட்ட கட்சி ஆண்டால் விலை உலகச் சந்தையால் ஏறும். மற்றக் கட்சி ஆண்டால் களவால் ஏறும். சிறிமாவோ காலத்து இறக்குமதித் தடை மட்டும் இதற்கு விலக்கு. அது தேசப்பற்று. 2020இல் வந்த மஞ்சள், உளுந்துத் தடையோ முழு முட்டாள்தனம். இதற்கும் காரணம் உண்டு: முதல் தடையின்போது கோப்பாயில் ஐயாவின் தகப்பனார் மிளகாயும் வெங்காயமும் விற்றார். இரண்டாவதன்போது ஐயா வெள்ளவத்தையில் உளுந்து வாங்கினார்.

2022 அவருக்குத் திருவிழா. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. காரணங்களும் அதே வேகத்தில் ஏறின. 2019 கடைசியில் வற் வரியைப் பதினைந்திலிருந்து எட்டாக்கியது, 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியது, டொலர் வற்றியது, பிறகு உக்ரைன். அவருக்கு வாய்த்த சபையும் அப்படி. வரிசையில் சங்கிலி போட்டுப் பூட்டிய காஸ் சிலிண்டர்களை விட்டுவிட்டு யார் எங்கே ஓடுவது?

ஒருமுறை கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் தன்னைப் போலவே இன்னொருவரைச் சந்தித்தார். அவர் மொத்த வியாபாரம் பார்த்தவர். "கவர்மெண்ட விடுங்க அண்ணே, எல்லாம் ஐந்தாம் குறுக்குத் தெருவுல பதுக்குறாங்க" என்றார் அவர். "நீரும் அங்கைதானே கடை வைச்சிருந்தனீர்?" என்றார் ஐயா. அதற்குப் பிறகு சர்வதேச நாணய நிதியம்வரை போனார்கள். குடித்த பிளேன்ரீக்கு இருவருமே காசு கொடுக்கவில்லை. அதற்கும் காரணம் இருந்தது.

2023 யூலையில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு வந்தபோது, விலை ஏன் இறங்கவில்லை என்று சனம் கோபப்பட்டது. "ஏறுற வேகம்தான் குறைஞ்சது, ஏறினது இறங்கேல்லை" என்றார் ஐயா. நூற்றுக்கு நூறு சரியான பேச்சு. அன்றைக்கென்று கேட்க ஆளில்லை. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே போக, ஐயாவுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

தேங்காய்தான் அவரை எழுப்பியது. விலை இருநூறு ரூபாயைத் தாண்டியதும், குரங்கு தின்கிறது என்று அரசாங்கத் தரப்பில் சொன்னார்கள். குரங்கு நேற்றா பிறந்தது என்று எதிர்த்தரப்பில் கேட்டார்கள். 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு நாடெங்கும் ஐந்தே நிமிடத்தில் குரங்கு, மர அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணினார்கள். ஐயாவும் ஆறாம் மாடி பல்கனியில் நின்று எண்ணினார். காகம்தான் அகப்பட்டது. காகத்தைக் கணக்கில் சேர்க்காதது சதி என்பது அவருடைய தற்போதைய நிலைப்பாடு.

அந்த நாட்களில் ஒருநாள் சந்தையில், ஒரு தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்தபடி 1953இல் தொடங்கினார். சிறிமாவோ வந்து, ஜே.ஆர். வந்து, கோட்டாபய ஓடி, அநுர வரும்வரை தேங்காய் கையிலேயே இருந்தது. பின்னால் நாலு பேர் காத்து நின்றார்கள்.

ஹற்றனிலிருந்து வந்த கடைப் பொடியன் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஐயா, அந்தத் தேங்காய வச்சிட்டுப் பேசுங்க. அது வித்தாச்சு."

"பாத்தியளே, தட்டுப்பாடு!" என்றார் ஐயா.

வெள்ளவத்தைச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காலை ஏழு மணிக்கு முன்னர் போய் வாங்கிவிடுங்கள். ஐயா பத்திரிகையை முழுக்க வாசித்துவிட்டுத்தான் வருவார்.