வாளியும் கயிறும்

கேள்வி: 'கேரி' படத்தில், தன்னை வதைத்தவர்களை அந்தப் பெண் பழிவாங்கும்போது கைதட்டத் தோன்றியது. இது பாவமா?

பதில்: பாவமன்று, ஆனால் எந்தச் சாவுக்குக் கைதட்டினீர்கள் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஸ்டீபன் கிங் 1974இல் வெளியிட்ட தமது முதல் நாவலை 1976இல் படமாக்கிய பிரையன் டி பால்மா, பேய் பிசாசுகளை நம்பாமல் ஒரு வாளியையும் ஒரு கயிற்றையுமே நம்பினார். பள்ளி நடன விழாவின் ராணியாக முடிசூடி, வாழ்க்கையில் முதன்முறையாக மனங்குளிர்ந்து புன்னகைக்கிற அந்த அபலையின் தலைக்கு நேர்மேலே பன்றி ரத்தம் நிறைந்த வாளி காத்திருப்பதையும், மேடைக்கடியில் ஒளிந்தவளின் கையில் கயிறு நடுங்குவதையும் நாம் அறிவோம், அவள் அறியாள்; பின்னால் வரும் அக்கினிப் பிரளயமெல்லாம் அந்தச் சில நிமிஷங்களின் பயங்கரத்துக்கு ஈடாகாது என்பதே என் அபிப்பிராயம். ரத்தம் வழியும் முகத்தில் இமைக்காமல் விரிந்த கேரியாக நடித்த ஸிஸ்ஸி ஸ்பேஸக்கின் கண்களில் அப்போது சிநேகிதர், விரோதி என்ற பேதமே இல்லை. அவளுக்காகப் பரிந்து பேசிய தேகப்பயிற்சி ஆசிரியை அந்த மண்டபத்திலேயே மடிகிறாள். கயிற்றை இழுத்த கிரிஸ்ஸோ கதவடைக்குமுன் வெளியே ஓடிவிடுகிறாள், அவளுடைய முறை பிறகுதான் வருகிறது.