அன்று மை, இன்று லேஷ்

1971-ல் கல்கத்தாவில் வீட்டுக்கு வீடு கண்வலி. பங்களாதேஷ் போர் நடந்த வருஷம் என்பதால் ஊர்க்காரர்கள் அதற்கு 'ஜோய் பாங்ளா' என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் இருந்த லேக் மார்க்கெட் பகுதித் தமிழ் வீடுகளில் அது மெட்ராஸ் ஐ. எங்கள் வீட்டில் ஒரு குழந்தைக்கு வந்தது, அடுத்தடுத்து எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது. ஒட்டாமல் என்ன செய்யும்? துண்டு ஒன்று, மைச்சிமிழ் ஒன்று, எல்லார் கண்ணிலும் மை தீட்டிய பாட்டியின் விரலும் ஒன்று.

அந்த மையைப் பாட்டியே செய்வாள். கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் உலர்த்தி, திரியாகத் திரித்து, விளக்கெண்ணெய் ஊற்றி ஏற்றுவாள். சுடருக்கு மேலே தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் கரி படிந்திருக்கும். அதைச் சுரண்டி, சொட்டுச் சொட்டாக விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்துச் சிமிழில் அடைப்பாள். அடுத்த வீட்டு வங்காளி மாமியிடம் இதற்கென்றே காஜல்லதா என்று ஒரு கருவி இருந்தது. அவர்கள் வழக்கத்தில் கல்யாணப் பெண் கையிலும் அதைக் கொடுப்பார்கள்.

மை வைப்பதில் காட்டிய கண்டிப்பைப் பாட்டி அதைக் கலைப்பதிலும் காட்டினாள். ராத்திரி மையோடு படுக்கக் கூடாது. எண்ணெய் தொட்ட பழந்துணியால் இமையோரம் துடைத்து, முகம் கழுவிய பிறகுதான் பாய்.

இப்போது பழைய மார்க்கெட் இருந்த இடத்தில் லேக் மால் நிற்கிறது. மல்லிகைச் சரமும் வாழையிலையும் இன்றும் நடைபாதையில் கிடைக்கின்றன. ஆனால் துர்கா பூஜை நெருங்கினால் எங்கள் வீட்டுப் பெண்கள் போவது பார்லருக்கு. போன பூஜைக்கு என் பேத்தி லேஷ் எக்ஸ்டென்ஷன் வைத்துக்கொண்டு வந்தாள். அழகாகத்தான் இருந்தது. பந்தல் பந்தலாகச் சுற்றி, தெருப்புழுதியும் தூபப் புகையும் பட்டு வந்தவளை முகம் கழுவச் சொன்னேன். "தண்ணியே படக்கூடாதாம் பாட்டி, பார்லர்ல சொல்லியிருக்கா" என்றாள். தசமிக்குள் இமை சிவந்து, முடியின் அடியில் மஞ்சளாகப் பொருக்குத் தட்டிவிட்டது. கண் டாக்டர் எடுத்த எடுப்பில் சொன்னது, "இமையைக் கழுவணும்."

மேலிமையில் ஏறக்குறைய 90 முதல் 150 முடிகள் இருக்கும். லேஷ் வைக்கும்போது இவை ஒவ்வொன்றின் மேலும், தோலில் படாமல் சற்றுத் தள்ளி, ஒரு செயற்கை இழையை சயனோஅக்ரிலேட் பசையால் ஒட்டுகிறார்கள். முடிகளுக்குப் பின்னால், இமை விளிம்பில், மெய்போமியன் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. கண்ணீர் சட்டென்று உலர்ந்துவிடாமல் காப்பது அவை சுரக்கும் நெய்தான். புழுதியும் செத்த தோலும் பவுடரும் ஒட்டிய இழைகளின் அடியில் தேங்கினால் அந்தச் சுரப்பிகளின் வாய் அடைபடும், கிருமிகள் பெருகும், இமை வீங்கும். டெமோடெக்ஸ் என்ற, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக்கும் அந்த அழுக்கு வசதி.

இழை நீளமாக இருந்தால் புழுதியைத் தடுக்கும் என்பதும் சரியில்லை. 2015-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள், கண்ணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள இமைமுடிதான் கண்ணுக்கு நல்ல காப்பு என்று கண்டார்கள். அதற்கு மேல் நீண்டால் காற்றைக் கண்ணுக்குள் திருப்பிவிடுகிறது.

பாட்டியின் கண்டிப்பு இந்த லேஷுக்கும் பொருந்தும், அவள் வைத்தியம்தான் பொருந்தாது. எண்ணெய் பட்டால் பசை இளகும். ஆகவே விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய், எண்ணெய் கலந்த மேக்கப் ரிமூவர் எதுவும் கூடாது. பசை இறுகுவதற்காகப் பார்லரில் சொல்லும் முதல் ஓரிரு நாள் போகட்டும். அதன் பிறகு தினமும் கழுவ வேண்டும். லேஷுக்கென்றே விற்கிற, எண்ணெயில்லாத நுரையை மெல்லிய பிரஷ்ஷில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, முடியின் அடியிலிருந்து நுனிவரை கீழ்நோக்கி மெதுவாக வருட வேண்டும். தேய்க்கக் கூடாது. சுத்தமான தண்ணீர் விட்டு அலசி, டிஷ்யூவால் ஒற்ற வேண்டும். பஞ்சு வேண்டாம், நார் சிக்கிக்கொள்ளும். உலர்ந்ததும் சீவுவதற்குச் சின்ன பிரஷ் ஒன்று போதும். அதை அக்கா தங்கையாக இருந்தாலும் பங்கு போடக் கூடாது. மைச்சிமிழ் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

மை நல்லது, லேஷ் கெட்டது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கடையில் வாங்கும் சுர்மா என்ற கண்மைப் பொடியிலும் சில மைகளிலும் ஈய சல்பைடு இருப்பது பல நாடுகளில் சோதனையில் தெரிந்திருக்கிறது. குழந்தை உடம்பில் ஈயம் சேர்ந்தால் மூளை வளர்ச்சி கெடும். லேஷ் பசையிலும் ஆபத்து உண்டு. சில பசைகளில் ஃபார்மால்டிஹைடு இருந்ததை ஜப்பானியக் கண் மருத்துவர்கள் 2012-ல் எழுதினார்கள். லேஷ் வைத்து அவர்களிடம் வந்த பெண்களில் பலருக்கு விழிப்பரப்பிலும் இமையிலும் அழற்சி இருந்தது.

பேத்தி இப்போது தினமும் இமையைக் கழுவுகிறாள், லேஷும் உதிராமல் இருக்கிறது. வைத்துக்கொள்ளும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: இடுக்கியையும் பிரஷ்ஷையும் ஆளுக்கு ஆள் சுத்தம் செய்கிறார்களா என்று பார்லரில் கேட்டுவிட்டு உட்காருங்கள். கண் சிவந்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், லேஷைப் பிய்க்காமல் அன்றே கண் டாக்டரிடம் போங்கள். மற்றபடி, தண்ணீருக்குப் பயப்படாதீர்கள். ராத்திரி இமையைக் கழுவாமல் படுக்காதீர்கள்.