புல்லுக்கு ஒரு அரசிதழ்

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதித் திண்ணையில் இருவர். ஒருவர் நில எடுப்புப் பிரிவிலேயே பணிக்காலத்தைக் கழித்து ஓய்வுபெற்ற தாசில்தார். நாட்டில் புல்வெளி அழிகிறது என்று படித்ததிலிருந்து அதைக் காப்பாற்ற ஒரு திட்ட வரைவு எழுதிக் கையில் வைத்திருக்கிறார். மற்றவர் அரவக்குறிச்சிப் பக்கம் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் வைத்து மாடு வளர்ப்பவர். பெருமாளைச் சேவித்துவிட்டு பஸ் ஏறப் போன வழியில் மாட்டிக்கொண்டார். ஆட்கள் கற்பனை, அவர்கள் பேச்சில் வரும் ஊர்களும் ஆண்டுகளும் கற்பனையல்ல.

தாசில்தார்: வாங்கோ, உட்காருங்கோ. உங்க ஊருக்கு நல்ல காலம் பிறந்திருக்கு. 2005-க்கும் 2015-க்கும் நடுவில் மட்டும் இந்தியாவின் புல்வெளிப் பரப்பு 31 சதவீதம் குறைஞ்சுபோச்சுன்னு மத்திய அரசே ஐ.நா.வுக்குக் கணக்குக் கொடுத்திருக்கு. அதைப் படிச்சதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உங்க கொரங்காடு பூராவையும் அரசாங்கம் கையகப்படுத்தணும்னு வரைவு எழுதிட்டேன். நாலு மூலையிலும் சர்வே கல், சுற்றிலும் கம்பி வேலி, வாசலில் வளைவு, உள்ளே ஒரு காட்சிக் கோபுரம். திறப்பு விழா அன்றைக்கே பத்தாயிரம் மரக்கன்று நடுவிழா!

கொரங்காட்டுக்காரர்: ஏனுங்க, புல்லுக்குக் காப்பகம்னு சொல்லிப்போட்டு உள்ளே பத்தாயிரம் மரத்தை நட்டா, அதுக்கப்புறம் புல் எங்கீங்க போகும்?

தாசில்தார்: மரம் நடாத திட்டத்துக்கு யார் கையெழுத்துப் போடுவா? தமிழ்நாட்டின் வன, மரப் பரப்பை 33 சதவீதத்துக்கு உயர்த்தணும்னு 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கமே தொடங்கியாச்சு. அந்தக் கணக்கில் மரம்தான் ஏறும், புல் ஏறாது. தவிர, உங்க நிலம் கோப்பில் புல்வெளியே இல்லை. தரிசு நில வரைபடத்தில் போய்ப் பாருங்கோ: புதர்க்காடு, சீர்கெட்ட மேய்ச்சல் நிலம், இப்படித்தான் வகை பிரிச்சிருக்கா. தரிசைத் திருத்திக் காப்பகம் ஆக்கறதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

கொரங்காட்டுக்காரர்: அந்தத் தரிசு எதனால நிக்குதுன்னு முதல்ல கேளுங்க. கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுத்தியும் முள்கிளுவையில உயிர்வேலி. இந்த மூணும் சேர்ந்தாத்தானுங்க கொரங்காடு. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம்னு எங்க அரவக்குறிச்சி வரைக்கும் மழை குறைஞ்ச சரளை மண்ணுல எங்க பாட்டன் பூட்டன் கண்டுபிடிச்ச ஏற்பாடு இது. ஒரு துண்டுல மாட்டை விட்டு மேய்ச்சு, பக்கத்துத் துண்டை ஆறப் போடுவோம். கோடையில புல் காய்ஞ்சா வெள்வேலங்காய் உதிர்ந்து தீனியாகும். காங்கயம் மாடு உருவானதே இந்தப் புல்லுலதான். கவுதாரியும் ஆள்காட்டியும் முட்டை வைக்கறதும் இங்கதான். அத்தனையும் பட்டா நிலமுங்க. எந்தச் சர்க்காரும் காவல் போடல. மாடு காசு கொடுத்துச்சு, அதனால புல் நின்னுச்சு. கவலை இறைச்ச காலம் போய் மோட்டார் வந்துச்சு, உழவுக்கு டிராக்டர் வந்துச்சு, காளைக்கு வேலை போச்சு. பசங்க திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்ட்டாங்க. இப்ப புல் அழியுதுன்னா, நிலம் என் பேர்ல இருக்கறது காரணமில்லீங்க. அதை மேய்க்கறதுல வருமானம் இல்லாமப் போனதுதான் காரணம். நீங்க பேரை மாத்தறீங்க, காரணத்தை அப்படியே விட்டுடறீங்க.

தாசில்தார்: அதேதான் நானும் சொல்றேன். வருமானம் இல்லை, அதனால் நாளைக்கே நீங்க சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடுவேள், இல்லேன்னா மனை போட்டு விற்பேள். அரசாங்கம் பேரில் ஏறிட்டா யாரும் தொட முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, என்ன அருமையான சட்டம் தெரியுமோ! சரணாலயம்னு 18-ஆம் பிரிவில் அறிவிச்ச நிமிஷத்திலிருந்து அந்த நிலத்தில் யாரும் புது உரிமை அடைய முடியாது. வாரிசு வழியா வந்தால்தான் உண்டு.

கொரங்காட்டுக்காரர்: அப்ப நிலத்துக்காரன் செத்தாத்தான் நிலம் கைமாறும்னு சொல்லுங்க.

தாசில்தார்: ஏன் அபசகுனமா பேசறேள்? கலெக்டர் ரெண்டு வருஷத்துக்குள் உரிமைகளை விசாரிச்சு முடிக்கணும்னும் சட்டம் சொல்றது.

கொரங்காட்டுக்காரர்: முடிக்கலைன்னா?

தாசில்தார்: முடிக்காவிட்டாலும் அறிவிக்கை காலாவதி ஆகாது. அதுவும் அதே பிரிவில்தான் இருக்கு. 25-ஏ. சொன்னேனே, அருமையான சட்டம்.

கொரங்காட்டுக்காரர்: அந்த அருமையை மத்தியப் பிரதேசத்துல பார்த்துட்டாங்க. சிவபுரி மாவட்டம் கரேராவுல 1981-ல கானமயில்ங்கற புல்வெளிப் பறவைக்குன்னு 202 சதுர கிலோமீட்டரைச் சரணாலயமா அறிவிச்சாங்க. நிலமெல்லாம் ஊர்க்காரங்களோடது. எடுக்கவும் இல்லை, பணம் கொடுக்கவும் இல்லை. விக்க மட்டும் விடலை. காவல் வந்ததும் வெளிமான் பெருகிப் பயிரை மேய்ஞ்சுது. அதுக்கு முன்னால அந்தப் பறவை மேல ஊர்க்காரங்களுக்கு ஒரு கோபமும் கிடையாது. இந்தப் பறவையாலதானே நம்ம நிலம் முடங்கிப்போச்சுன்னு அப்புறம் நினைக்க ஆரம்பிச்சாங்க. 1990-கள் நடுவுல அங்க ஒரு கானமயில்கூட மிஞ்சலை. கடைசியில சரணாலயங்கற பேரையே எடுத்துட்டாங்க. மகாராஷ்டிரத்துல சோலாப்பூர் பக்கம் 1979-ல இன்னும் பெரிசா கோடு போட்டாங்க: 8,496 சதுர கிலோமீட்டர். உங்க திருச்சி மாவட்டத்தைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு! உள்ளே ஊர், சந்தை, வயல் எல்லாம் அடங்கிப்போச்சு. அப்புறம் 1,222-ஆச் சுருக்க வேண்டியதாச்சு. கோடு போட்டாப் புல் காப்பாத்தப்பட்டுடும்னா, இந்த ரெண்டு இடத்துலயும் இன்னைக்குக் கானமயில் கூட்டங்கூட்டமா நிக்கணுமே.

தாசில்தார்: அதெல்லாம் பணம் கொடுக்காமல் கோடு போட்ட தப்பு. என் வரைவில் 2013-ஆம் வருஷச் சட்டப்படி முழு இழப்பீடு. ஊரகத்தில் சந்தை மதிப்பைப் பெருக்கி, அதன் மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை. இதுக்கு மேல் என்ன வேணும்?

கொரங்காட்டுக்காரர்: பணக்கார ஊர்லயே அது முடியலீங்களே. ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் நகரம் மேற்கே விரியறப்ப அழியற புல்வெளிக்கு ஈடா 15,000 ஹெக்டேர் தனியார் நிலத்தை வாங்கி 2020-க்குள்ள காப்பகம் ஆக்கறோம்னு அரசாங்கம் வாக்குக் கொடுத்துச்சு. வீடு கட்டறவங்க கட்டற கட்டணத்துல இருந்து பணம். 2020-ல அவங்க தணிக்கை அதிகாரி பார்த்தா, வாங்கினது பத்துல ஒரு பங்குதான். வீடுங்க மட்டும் நிக்காமக் கட்டிக்கிட்டே போனாங்க. என்னைக்கோ கைவிட்டுப் போகப்போற நிலத்துல எந்த விவசாயி களை எடுப்பான்? காத்திருக்கற வருஷமெல்லாம் களைக்குத்தான் லாபம். நம்ம ஊர்ல அந்த வேலையைச் சீமைக்கருவேலம் செய்யும். மாடு வராத ரெண்டு வருஷம் போதுங்க அதுக்கு. சந்தை மதிப்புன்னு சொல்றீங்களே, எங்க மானாவாரிப் புஞ்சைக்குப் பத்திரத்துல என்ன மதிப்பு போட்டிருக்குன்னு உங்களுக்குத் தெரியாததா? அதை நாலு மடங்கு ஆக்கினாலும் கண்ணபுரம் சந்தையில நாலு நல்ல காளை பிடிக்கலாம். மேய்க்க நிலம்?

தாசில்தார்: அங்கேதான் தப்பு. இனிமேல் மேய்ச்சலே கூடாது. மாடு மேய்ஞ்சால் அது காப்பகமா, தொழுவமா? அளவுக்கு மிஞ்சி மேய்ச்சு எத்தனை ஊர்ப் புல் கட்டாந்தரை ஆயிருக்கு, அதை மறுக்கறேளா?

கொரங்காட்டுக்காரர்: மறுக்கலீங்க. ஊர்ப் பொதுவில், கேட்பாரில்லாத இடத்துல அப்படித்தான் ஆகுது. உயிர்வேலி போட்டு, துண்டு மாத்தி, ஆறப் போட்டு மேய்க்கற இடத்துல அப்படி ஆகறதில்லை. ரெண்டையும் ஒரே தராசுல போடாதீங்க. மேய்ச்சலை ஒரேயடியா நிறுத்தினா என்ன ஆகும்னு பரத்பூர்ல பார்த்தாச்சு. 1982-ல கேவலாதேவ் தேசியப் பூங்காவுல எருமை மேய்ச்சலைத் தடை செஞ்சாங்க. எதிர்த்த ஊர்க்காரங்க மேல துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்ப்பலி ஆச்சு. அப்புறம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரங்க வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு சொன்னது என்னன்னா, மேய எருமை இல்லாம ஒரு புல் பெருகி நீர்நிலையை அடைச்சு, பறவைகளுக்கே இடைஞ்சலாயிடுச்சாம். எருமை அங்க எடுபிடி வேலை பார்த்துக்கிட்டு இருந்திருக்கு, சம்பளம் இல்லாம. உங்க வரைவுல காவலருக்குச் சம்பளம் இருக்கு, கோபுரத்துக்கு மதிப்பீடு இருக்கு. மாட்டுக்கு மட்டும் தடை.

தாசில்தார்: அப்போ அரசாங்கம் தனியார் நிலத்தை எடுக்கவே கூடாதுங்கறேளா? நீலகிரியில் சீகூர் யானை வழித்தடம்? 2010 அறிவிக்கையை எதிர்த்து விடுதிக்காரா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனா. 2020 அக்டோபரில் அரசு செய்தது சரின்னு தீர்ப்பு வந்ததே!

கொரங்காட்டுக்காரர்: அது சரியான தீர்ப்புங்க, அதுல எனக்கு மறுபேச்சு இல்லை. யானை போற வழி அறுபட்டா அறுபட்டதுதான். நடுவுல சுவர் எழுப்பின விடுதி யானைக்கு எந்த விதத்துலயும் உதவாது. அதை எடுத்தாத்தான் வழி. ஆனா எங்க புல்லுக்கு நிலத்துக்காரனும் மாடும் தொந்தரவு இல்லீங்க, அவங்கதான் பராமரிப்பு. யாரை வெளியேத்தினா பொருள் பிழைக்கும், யாரை வெளியேத்தினாச் சாகும்னு பார்க்காம, எல்லாத்துக்கும் ஒரே படிவத்தை நிரப்பறீங்களே. அதைத்தான் வேண்டாங்கறேன்.

தாசில்தார்: சரி, எடுக்கலை. உங்களுக்கே மானியம் கொடுத்தால், வாங்கிண்டு அஞ்சு வருஷம் கழிச்சு மனை போட மாட்டேள்னு என்ன நிச்சயம்? அரசு நிலம்னா நிரந்தரம்.

கொரங்காட்டுக்காரர்: நிரந்தரமா? பழைய திருச்சி மாவட்டத்துல இருந்த ஜெயங்கொண்டத்துல என்ன ஆச்சுங்க? பழுப்பு நிலக்கரிக்குன்னு 1990-கள்ல எட்டாயிரம் ஏக்கருக்கு மேல எடுத்தாங்க. திட்டம் வரவேயில்லை. கால் நூற்றாண்டு கழிச்சு 2022-ல நிலத்தைத் திருப்பித் தர்றோம்னு அரசே முடிவெடுத்துச்சு. அங்க சனங்க கேட்டு வாங்கினது நல்லதுதான். ஆனா அரசுப் பேர்ல ஏறினதும் அரசு நினைச்சா இறங்கும், வேற வேலைக்கும் போகும். என் வாக்குறுதிக்குப் பிணை கேளுங்க, தர்றேன்: இருபது வருஷ ஒப்பந்தம், பத்திரத்துல பதிவு, வில்லங்கத்துல ஏறட்டும், மீறினா வாங்கினதை வட்டியோட கட்டணும். வருஷா வருஷம் புல் நிக்குதா, உயிர்வேலி இருக்குதா, சீமைக்கருவேலம் அகற்றியாச்சான்னு பார்த்துப் பணம் கொடுங்க. முழு நிலத்தையும் வாங்கற செலவுல எத்தனை வருஷத்துக்கு இப்படிக் கொடுக்கலாம்னு உங்க கணக்குப் பிள்ளையையே கேளுங்க. விக்க நினைக்கறவன் வந்தா, அப்ப முழு விலை கொடுத்து வாங்குங்க, விருப்பமில்லாதவனை விட்டுடுங்க.

தாசில்தார்: கேட்க நன்னாத்தான் இருக்கு. ஆனா இதுக்குச் சட்டத்தில் எந்தப் பிரிவு?

கொரங்காட்டுக்காரர்: நீங்க புகழ்ந்த அதே சட்டமுங்க. 2002-ல திருத்தி 36-சி சேர்த்தாங்க: சமூகக் காப்பகம். தனி ஆளோ ஊரோ தானா முன்வந்தா, பட்டா நிலம் பட்டா நிலமாவே இருந்து காப்பகம் ஆகலாம். எடுக்கறதும் இல்லை, துரத்தறதும் இல்லை. ஊரே கேட்டு வாங்கினது நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு. திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணிக் கரையில திருப்புடைமருதூர். கோயிலைச் சுத்திப் பறவைக் கூடுங்க. ஊர்க்காரங்க கேட்க, 2005-ல மூணு ஹெக்டேருக்கும் குறைஞ்ச இடம் பாதுகாப்பு ஒதுக்கிடம்ங்கற இன்னொரு வகைக் காப்பகம் ஆச்சு. நாட்டுலயே அந்த வகையில முதல் இடம் அதுதான். கோபுரம் ஏற்கெனவே இருந்துச்சு, நீங்க புதுசாக் கட்ட வேண்டியிருக்கலை.

தாசில்தார்: அதில் நில எடுப்புப் பிரிவுக்கு வேலையே இல்லையே!

கொரங்காட்டுக்காரர்: உங்களுக்கு வேற வேலை இருக்குங்க. அரசுப் பேர்லயே மேய்க்கால் புறம்போக்குன்னு ஊருக்கு ஊர் கிடக்குதே, மணப்பாறை, மருங்காபுரி, வையம்பட்டிப் பக்கமெல்லாம். அதுல எவ்வளவு வீட்டுமனை ஆச்சு, எவ்வளவு ஆபீஸ் கட்டடம் ஆச்சு, எவ்வளவுல சீமைக்கருவேலம் நிக்குது, எவ்வளவுல இன்னும் புல் இருக்குதுன்னு சர்வே எண் வாரியா எழுதி ஒவ்வொரு தாலுகா ஆபீஸ் வாசல்லயும் ஒட்டச் சொல்லுங்க. எடுக்க வேண்டாம், இழப்பீடு வேண்டாம், அரசிதழும் வேண்டாம். தன் கையில இருக்கற புல்லை அரசாங்கம் ஒரு அஞ்சு வருஷம் காப்பாத்திக் காட்டட்டும். அதுக்கப்புறம் எங்க பட்டாவைக் கேட்டு வாங்க, உக்காந்து பேசலாம்.